சீதேவியின்ர வெப்சைட்டுக்கு ஆர் வருகினம்?

திருகோணமலை லிங்கநகர்ச் சீதேவி ரெண்டு விசயத்துக்குப் பேர் போனவள். ஒண்டு கேக். மற்றது பொறாமை. கேக்கைப் பற்றி அவளே வேண்டிய மட்டும் சொல்லுவாள். பொறாமையைப் பற்றித்தான் நாங்கள் சொல்லவேண்டிக் கிடக்கு.

சும்மா சொல்லக்கூடாது, கேக் திறம்தான். இப்ப லண்டனில இருக்கிற மகள் கௌசிகாவின்ர முதலாவது பிறந்தநாளுக்குக் கடையில வாங்கின கேக் காய்ஞ்சு கட்டையாக் கிடந்ததைப் பாத்து, "இதைவிட நான் நல்லா அடிப்பன்" எண்டு கோபத்தில தொடங்கினவள். கோபத்தில தொடங்கினாலும் கை வாய்ச்சிட்டுது. புருசன் சோமசேகரம் துறைமுகத்தில கிளாக்கராய் இருந்தவர். அங்க பெரியவர் ஒருத்தர் பென்சன் எடுத்துப் போகேக்க, சீதேவி கப்பல் மாதிரி ஒரு கேக் அடிச்சுக் குடுத்தாள். புகைபோக்கி, நங்கூரம், பக்கத்தில தொங்குற பழைய ரயர் எல்லாம் ஐசிங். பெரியவர் வெட்ட மனமில்லாமல் கத்தியைப் பிடிச்சபடி நிண்டவராம். அதுக்குப் பிறகு ஊரில ஒரு சாமத்தியவீடோ கலியாணமோ சீதேவியின்ர கேக் இல்லாமல் நடக்கேல்லை. வீட்டு முன் அறையைக் கடையாக்கினாள். கண்ணாடி அலுமாரி வச்சாள். கேற்றுக்கு மேல "சீதேவி கேக்ஸ்" எண்டு போன் நம்பரோட போர்ட் தொங்கவிட்டாள். அந்த அறைதான் அவளுக்கு ராச்சியம்.

பொறாமை அதுக்கும் முந்தினது. பள்ளிக்கூடத்தில பக்கத்தில இருந்தவளுக்குக் கையெழுத்து வடிவெண்டு அவளின்ர கொப்பியில மை ஊத்தினவள் எங்கட சீதேவி. கலியாணம் கட்டி வந்த பிறகு, மச்சாள் வீட்டுக் கறிவேப்பிலை தன்ரையை விட உயர்ந்து போச்சுதெண்டு தன்ர மரத்துக்கு மீன் கழுவின தண்ணியாய் ஊத்தி, ஒழுங்கை முழுக்க நாறப்பண்ணினாள்.

"உனக்கு வயித்துக்குள்ளயே கேக் வேக வைக்கிற அவண் இருக்குது, சீதேவி. கரண்டே தேவையில்லை" எண்டு சோமசேகரம் சொல்லுவார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள்ள போயிடுவாள். ஆனா இல்லையெண்டு ஒருநாளும் சொல்லமாட்டாள்.

இப்பிடி இருக்கேக்கதான் அன்புவழிபுரத்துத் தர்சிகா வந்து சேர்ந்தாள். முப்பது வயசுப் பிள்ளை, சிரிச்ச முகம். வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் ஓடர் போட, இஞ்ச இருக்கிற தாய் தேப்பன் வாசலில கேக், பூ, பலூன் எல்லாம் கொண்டு திடீரெண்டு போய் நிக்கிற தொழில். அதுகள் திகைச்சுப்போய் அழுறதையும் சிரிக்கிறதையும் வீடியோ எடுத்துப் பிள்ளையளுக்கு அனுப்புறது. சர்ப்ரைஸ் டெலிவரி எண்டு பேர். தர்சிகாவுக்கு முட்டை உடைக்கக்கூடத் தெரியாது. கேக்கை வெளியிலதான் வாங்குவாள். தொடக்கத்தில வாங்கினது சீதேவியிட்ட.

"அன்ரி, ஒரு கிலோ சொக்லேட். 'அன்பு அப்பாவுக்கு' எண்டு எழுதிவிடுங்கோ" எண்டு கெஞ்சலாய்க் கேப்பாள். சீதேவியும் பண்பான பிள்ளையெண்டு குடுத்தாள். அன்ரி எண்டு கூப்பிடுறது மட்டும் கொஞ்சம் உறுத்தினது.

ஒருநாள் கோயிலில ஒரு மனிசி கேட்டாள்: "உங்கட கேக்கைத்தானே அந்தப் பிள்ளை வெப்சைட்டில போட்டு லண்டன், கனடாவெல்லாம் பேர் எடுக்குது?"

சீதேவி பூசை முடியுமட்டும் நிக்கேல்லை. தேர்முட்டியடியில நிண்டு போனில தேடினாள். ஐயோ, என்ன வடிவு! தர்சிகாவின்ர வெப்சைட் திறந்த உடனே முகங்கள். அழுற அம்மாமார், வெக்கப்பட்டுச் சிரிக்கிற அப்பாமார், வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிற பெண்சாதிமார். கீழ நன்றி சொல்லி எழுதினவை பிரான்ஸ், சுவிஸ், நோர்வே எண்டு உலகம் முழுக்க. ஒரு மூலையில, பலூனுக்குப் பின்னால, அரைவாசி தெரிஞ்சது சீதேவியின்ர கேக். அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. முட்டை உடைக்கத் தெரியாதவளுக்கு உலகம் முழுக்கப் பேர், விடியக் காலமை எழும்பி மா அரிக்கிறவளுக்கு ஒழுங்கையோட சரி. அவளுக்கு வயிறு பத்தி எரிஞ்சது.

அடுத்த கிழமை தர்சிகா வந்து கேற்றடியில நிக்க, "ஏலாது பிள்ளை, எனக்கு ஓடர் கூடிப்போச்சு" எண்டு சொல்லிக் கதவைச் சாத்தினாள். அண்டைக்கு ஒரு ஓடரும் இருக்கேல்லை. அதுக்குப் பிறகும் பெரிசா வரேல்லை. ஊர்ச்சனமும் இப்ப போனில பாத்துத்தானே எல்லாம் வாங்குது. கண்ணாடி அலுமாரிக்குள்ள மாதிரிக்கு வச்ச கேக்கில தூசிதான் படிஞ்சது.

சோமசேகரம் சத்தம் போடுற ஆளில்லை. தையில ஒருநாள் சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவிக்கொண்டு சொன்னார்: "கணக்குப் படிப்பிக்கிற மாஸ்ரர் ஒருத்தர் ரியூசனுக்கு இடம் தேடுறார். எங்கட முன் அறை அவருக்குப் பிடிச்சிருக்கு. மே மாதம் முடியட்டும் எண்டு சொல்லியிருக்கிறன். அதுக்கிடையில உனக்கு ஓடர் வந்தால் கடை இருக்கட்டும். வராட்டி பிள்ளையள் இருந்து படிக்கிற வாங்கும் மேசையும் வரட்டும்."

"கேக் அறைக்குள்ள கணக்கோ?" எண்டாள் சீதேவி. அவர் சொல்லுறதில நியாயம் இருக்கெண்டு தெரிஞ்சதாலதான் இன்னும் எரிச்சல்.

அவளுக்கும் ஒரு வெப்சைட் வேணும். தர்சிகாவின்ரையை விடப் பெரிசா வேணும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில கொம்பியூட்டர் கடை வச்சிருக்கிற றுவைஸிட்டப் போனாள். றுவைஸ் பகிடிக்காரன், ஆனா வேலை தெரிஞ்சவன்.

"அக்கா, சுகமான வேலை" எண்டான் அவன். "வெளிநாட்டில இரிக்கிற ஒரு புள்ள என்னத்தத் தேடும்? 'திருகோணமலை கேக் டெலிவரி' எண்டு தேடும். உம்மா வாப்பா நிலாவெளியில இரிந்தா நிலாவெளி எண்டு போடும், கப்பல்துறையில இரிந்தா கப்பல்துறை எண்டு போடும். அந்த ஊர்ப் பேரெல்லாம் நம்ம சைட்டில இரிக்கணும். நல்ல படம், விலை, போன் நம்பர், வாங்கின ஆக்கள் சொன்ன நாலு வார்த்தை. வந்து பாக்குறவன் விசாரிக்கணும். விசாரிச்ச உடனே நீங்க மறுமொழி குடுக்கணும். இதுக்குத்தான் லீட் எண்டு சொல்றது. லீட் வந்தாத்தான் ஓடர்."

சீதேவி தலையாட்டிக் கேட்டாள். பிறகு ஒவ்வொண்டாய் வெட்டினாள்.

"விலை போடவேண்டாம். தர்சிகா பாத்து அதைவிடக் குறைச்சுப் போடுவாள்."

"சரி."

"கேக்கை முழுசாக் காட்டவேண்டாம். பாத்து வேற ஆரையும் கொண்டு அதே மாதிரி அடிப்பிச்சுப்போடுவாள். அரைவாசி காட்டினால் போதும். அதுக்கு மேலயும் குறுக்கால என்ர பேரைப் பெரிசாப் போடுங்கோ."

"அக்கா, கேக் கடை சைட்டில கேக் தெரியாட்டி எப்பிடி?"

"போன் நம்பரும் வேண்டாம். குரலை மாத்திக் கதைச்சு விபரம் பிடுங்குவாள். எழுதிக் கேக்கட்டும். கேக்கிறவையின்ர பேர், சொந்த ஊர், தேப்பனின்ர பேர், இஞ்ச ஆருக்கு என்ன முறை எண்டதெல்லாம் எழுதினால்தான் அனுப்ப ஏலும் எண்டு வையுங்கோ. அப்பதான் அவளின்ர ஆளோ எண்டு பிடிக்கலாம்."

றுவைஸ் கதிரையில சாஞ்சான். "மத்தவங்க பேரும் நம்பரும் கேக்கிறாங்க. நீங்க கலியாணம் பேசுற மாதிரிக் கேக்கிறீங்க. சாதகமும் வாங்குவமா?"

"பகிடி விடாமச் செய்யுங்கோ, தம்பி."

செய்தான். பாவம், அவன் என்ன செய்யிறது.

வெப்சைட் வந்த நாளில இருந்து சீதேவிக்குக் கேக்கில கவனம் இல்லை. காலமை எழும்பின உடனே தன்ரையைப் பாப்பாள், பிறகு தர்சிகாவின்ரையைப் பாப்பாள். மா அரிக்க முந்தியும் பாப்பாள், அரிச்ச பிறகும் பாப்பாள். தர்சிகா புதுசா ஒரு முகம் போட்டால் அண்டைக்குச் சீதேவிக்குச் சோறு இறங்காது. எத்தினை பேர் வந்து பாக்கினம் எண்டு காட்டுற ஒரு இடத்தையும் றுவைஸ் அவளுக்குக் காட்டிக் குடுத்திருந்தான். பாத்தால், ஒவ்வொரு நாளும் நல்லாத்தான் ஆள் வருகுது. அவ்வளவும் திருகோணமலையில இருந்து.

"பாத்தியளோ?" எண்டு புருசனுக்கு முன்னால போனை நீட்டினாள். "அவள்தான். நித்திரை கொள்ளாமல் என்ரையைப் பாக்கிறாள். பாக்கட்டும்! வயிறு எரிஞ்சு சாகட்டும்!"

அந்தச் சந்தோசம் சித்திரை வரைக்கும்தான் நிண்டது. வருசப் பிறப்புக்கும் ஓடர் இல்லை எண்ட பிறகு றுவைஸிட்டத் திரும்பப் போனாள். அவன் கொம்பியூட்டரைக் கொஞ்ச நேரம் தட்டிப்போட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான்: "அக்கா, உங்கட வீட்டில எத்தின போன் இரிக்கி?"

"ரெண்டு. என்ரையும் இவரின்ரையும்."

"அப்ப உங்கட சைட்டுக்கு வாறது அந்த ரெண்டு போனுந்தான். தர்சிகாவும் இல்ல, ஆரும் இல்ல. நீங்களே வந்து நீங்களே போறீங்க."

சீதேவிக்குக் காது சூடாகினது. தர்சிகா தன்னை எட்டிக்கூடப் பாக்கேல்லை. அதுதான் எல்லாத்தையும் விடப் பெரிய அவமானமாப் பட்டுது.

"அப்ப ஏன் நான் கேக் எண்டு தேடினாலும் முதல் அவளின்ரை வருகுது?"

"நீங்க நாள் முழுக்க அதைத்தானே திறந்து பாக்கிறீங்க. உங்களுக்கு அந்தக் கடையில உசிர் எண்டு போன் நினைக்கிது. அதான் முதல்ல கொண்டாந்து குடுக்கிது." றுவைஸ் இப்ப பகிடி விடேல்லை. "அக்கா, தர்சிகாவ மறைக்க எண்டு நீங்க உங்களையே மறைச்சு வச்சிரிக்கிறீங்க. படத்தப் போடுங்க. நம்பரப் போடுங்க."

"போடுறன், போடுறன்" எண்டு எழும்பி வந்தாள். போடேல்லை.

அந்த மாதக் கடைசியில, அதிசயம், ஒருத்தர் உண்மையா எழுதிக் கேட்டார். பேர் வினோஜன். லண்டனில வேலை. நிலாவெளியில இருக்கிற அம்மாவுக்கு, மே மாதம் வாற அன்னையர் தினத்துக்குக் கேக் குடுக்கவேணும். தேப்பன்ர பேர் எழுதி, பக்கத்தில 'காலமாகிவிட்டார்' எண்டும் எழுதியிருந்தார். முறை எண்ட இடத்தில மட்டும் 'ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை' எண்டு போட்டிருந்தார்.

சீதேவியின்ர மூளை வேலை செய்யத் தொடங்கினது. நிலாவெளியோ? தர்சிகாவின்ர தாய்வழி நிலாவெளியல்லோ! முறை இல்லையாம். திருகோணமலையில ஒருத்தருக்கும் ஒரு முறையும் இல்லாத தமிழன் எங்க இருக்கிறான்?

"எந்த ஒழுங்கை? அம்மா ஆரின்ர மகள்?" எண்டு எழுதினாள். வினோஜன் பொறுமையா மறுமொழி எழுதினார். சீதேவி இன்னும் ரெண்டு கேள்வி கேட்டாள். அதுக்கும் எழுதிப்போட்டு, "ஏன் அன்ரி இவ்வளவு கேக்கிறீங்கள்?" எண்டு அவர் கேட்டார். அன்ரி! அந்தச் சொல்லோட அவளுக்குச் சந்தேகம் தீர்ந்தது.

"தர்சிகாவிட்டப் போய்ச் சொல்லுங்கோ, சீதேவி இப்பிடியெல்லாம் ஏமாறமாட்டாள் எண்டு" எண்டு அடிச்சு அனுப்பினாள். பிறகு மறுமொழி வரேல்லை. பிடிபட்டுப்போனான் எண்டு அவளுக்கு ஒரே புளுகமும் சந்தோசமும். அண்டைக்கு ரெண்டு கோப்பை சோறு சாப்பிட்டாள்.

மே மாதம் பிறந்தது. வெக்கையான கச்சான் காத்து அடிக்கத் தொடங்கி ஒழுங்கைப் புழுதியெல்லாம் முன் அறைக்குள்ள வந்தது. கணக்கு மாஸ்ரர் ஒரு பின்னேரம் வந்து, வாங்கு எத்தினை பிடிக்குமெண்டு அறையைக் காலால அளந்துபோட்டுப் போனார். சீதேவி கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டிருந்தாள். அந்த மனிசனில கூட அவளுக்குப் பொறாமை வந்தது. அவருக்கு இடம் போதாதெண்ட அளவுக்குப் பிள்ளையள் வருகுதாமே.

அன்னையர் தினத்துக்கு ரெண்டு நாள் இருக்க, கேற்றடியில ஸ்கூட்டிச் சத்தம் கேட்டுது. எட்டிப் பாத்தாள். தர்சிகா!

"என்ன?" எண்டாள் சீதேவி, கேற்றைத் திறக்காமல்.

தர்சிகா ஹெல்மெட்டைக் கழட்டிக் கையில பிடிச்சாள். "அன்ரி, எனக்கு ஒரு கேக் வேணும். நீங்கள் தரமாட்டீங்கள் எண்டு தெரியும். ஆனா வேற வழியில்லை."

"ஏன், உனக்குக் கேக் விக்க ஊரில ஆக்கள் இல்லையோ?"

"இருக்கினம். ரெண்டு இடத்தில வாங்கிச் சாப்பிட்டும் பாத்தன். சரிவரேல்லை. ஓடர் போட்டவ எழுதினதைப் பாருங்கோ." போனைக் கேற்றுக் கம்பிக்குள்ளால நீட்டினாள்.

சீதேவி கண்ணாடி இல்லாமல் தள்ளிப் பிடிச்சு வாசிச்சாள். 'கேக் நல்லா இல்லாட்டி அம்மா அழமாட்டா, பிழைதான் பிடிப்பா. திருகோணமலையிலேயே ஆகத் திறமான கேக் எதுவோ அதையே குடுங்கோ. கேக்கில "அம்மா, இது உங்களுக்குத்தான்" எண்டு எழுதவேணும்.' கீழ விலாசம். லிங்கநகர். அவளின்ர வீட்டு இலக்கம். பேர், கௌசிகா சோமசேகரம்.

சீதேவி திரும்ப ஒருக்கால் வாசிச்சாள்.

"சர்ப்ரைஸைக் கெடுத்துப்போட்டன், எனக்குத் தெரியும்" எண்டாள் தர்சிகா. "கடைக் கேக் ஒண்டைக் கொண்டுவந்து சமாளிச்சிருக்கலாம். ஆனா ஆகத் திறமான கேக் ஆரின்ர எண்டு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். காசு வாங்கிப்போட்டுப் பொய் சொல்ல மனம் வரேல்லை, அன்ரி."

சீதேவிக்கு முதல் வந்தது கண்ணீர் இல்லை. ஆத்திரம். பத்து மாதம் சுமந்து பெத்த மகள், தாய்க்கு ஒரு அன்பைக் காட்ட இவளின்ர வெப்சைட்டுக்கோ போனவள்? தாயிட்ட வெப்சைட் இருக்கெண்டு தெரியாதோ?

"என்ர மகளுக்கு உன்னை ஆர் சொன்னது?"

"அவவோட வேலை செய்யிற வினோஜன் எண்டு ஒருத்தராம். அவற்ற அம்மா நிலாவெளியில. அவர் முதல் வேற எங்கேயோ ஒரு வெப்சைட்டில கேட்டவராம். அங்க தேப்பன், ஒழுங்கை, முறை எல்லாம் விசாரிச்சுப்போட்டு, கடைசியில தர்சிகாவிட்டப் போங்கோ எண்டு அனுப்பிவிட்டினமாம். ஆரெண்டு தெரியேல்லை. நல்ல மனிசராக்கும்."

சீதேவிக்கு விளங்கிட்டுது. நல்ல மனிசர்! தன்ர கையாலயே ஒரு ஓடரை எடுத்துப் பொட்டலம் கட்டி அவளிட்ட அனுப்பி, அதுக்குப் பின்னால தன்ர மகளையும் அனுப்பியிருக்கிறாள். நிலம் பிளந்து விழுங்கினாலும் பரவாயில்லை எண்டு இருந்தது. ஆனா அதை இவளுக்கு முன்னால முகத்தில காட்டுறதோ? விடமாட்டாள் சீதேவி.

ஏலாது எண்டு சொல்லிக் கேற்றடியிலயே திருப்பி அனுப்பலாம். லண்டனுக்கு முன்னால தர்சிகா தலைகுனிவாள். நினைக்கவே இனிச்சுது. ஆனா அப்பிடிச் செய்தால் ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்கும்? ஆரோ அடிச்ச கேக்கைச் சீதேவியின்ர கையில குடுத்து, வீடியோ எடுத்து, வெப்சைட்டில போடுவாள். திருகோணமலைச் சீதேவி கடைக் கேக் தின்னுறதை உலகம் பாக்கும். அதைத் தாங்க அவளால ஏலாது.

"கேக் நான் அடிச்சுத் தாறன்" எண்டாள். "ஆனா கண்டிசன் இருக்கு. வீட்டுக்குள்ள வச்சு எடுக்கக்கூடாது. இந்தக் கேற்றடியில, போர்ட்டும் நம்பரும் தெரியத்தான் எடுக்கவேணும். கேக்கைப் பலூனுக்குப் பின்னால ஒளிக்கக்கூடாது. கிட்டக் காட்டவேணும், வெட்டின பிறகு உள்ளயும் காட்டவேணும். இதை அடிச்சது ஆரெண்டு சொல்லவும் வேணும்."

"ஓம் அன்ரி, கட்டாயம்" எண்டாள் தர்சிகா, உடனேயே. இவ்வளவு லேசா ஒத்துக்கொண்டது சீதேவிக்கு இன்னும் எரிச்சலாய் இருந்தது. கொஞ்சம் சண்டை பிடிச்சிருக்கலாம்.

சனிக்கிழமை முழுக்கக் குசினிக்குள்ள ஒரே வேக்காடு. கச்சான் வெக்கைக்குப் பட்டர் ஐசிங் நிக்காமல் வழிய, சுடுகாத்து படக்கூடாதெண்டு அவள் காத்தாடியை நிப்பாட்டி, சன்னலைச் சாத்தி, வேர்த்து ஒழுகிக்கொண்டு வேலை செய்தாள். தனக்கெண்டு ஒரு கேக் அவள் வாழ்க்கையில அடிச்சதில்லை. கடைசியில எழுத்து எழுதுற நேரம் வந்தது. "அம்மா, இது உங்களுக்குத்தான்" எண்டு தானே தனக்கு எழுதவேணும். மற்றச் சனத்தின்ர அம்மாமாருக்கு எத்தினையோ தரம் எழுதின கைதான். முதல் எழுத்தே கோணிப்போக, சுரண்டி எடுத்துப்போட்டுத் திரும்ப எழுதினாள்.

ஞாயிறு காலமை தர்சிகா கேக்கைக் கொண்டுபோனாள். ஒரு மணித்தியாலத்தில பலூன் கட்டின ஓட்டோவில திரும்பி வந்தாள். சீதேவி பச்சைச் சீலை உடுத்து, கண்ணாடிக்கு முன்னால நிண்டு திகைக்கிற முகத்தைப் பழகி வச்சிருந்தாள். வாயைத் திறந்து, கையை நெஞ்சில வச்சு, "ஐயோ, இதென்ன!" எண்டு சொல்லவேணும். சோமசேகரம் உள்ளுக்க நிண்டு சிரிச்சுக்கொண்டிருந்தார். எங்கட ஊரில மாடு மாதிரி ஒழுங்கையில திரியிற மானில ஒண்டு பூச்செண்டில வாய் வைக்க வர, அதைத் துரத்திப்போட்டுத்தான் தர்சிகா கமராவைப் பிடிச்சாள்.

"ஐயோ, இதென்ன!" எண்டாள் சீதேவி. நாடகத்தில கூட அப்பிடிக் கேவலமா ஒருத்தரும் நடிக்கமாட்டினம்.

அப்ப தர்சிகா மற்றப் போனைத் தூக்கிப் பிடிச்சாள். அதுக்குள்ள கௌசிகா, தடிச்ச ஜக்கெற்றோட, வேலைக்குப் போற வழியில ஒரு பஸ் தரிப்பில நிண்டு கதைச்சுப் பதிஞ்சு அனுப்பினது.

"அம்மா, இஞ்ச மூண்டு பிறந்தநாளுக்குக் கடையில கேக் வாங்கி வெட்டினனான். ஒண்டும் உங்கட மாதிரி இல்லை. சாப்பிடேக்க, அம்மா இருந்தால் இதில என்ன பிழை பிடிப்பா எண்டு யோசிப்பன். அப்பிடி யோசிச்சால்தான் எனக்குத் தொண்டைக்குள்ள இறங்கும். எல்லாருக்கும் நீங்கள்தான் கேக் அடிக்கிறனீங்கள். உங்களுக்கு ஒருத்தரும் தந்ததில்லை. அதுதான் இது."

பழகி வச்ச முகம் எங்க போனதெண்டு தெரியேல்லை. சீதேவி அழுதாள். வடிவா அழேல்லை. மூக்கு ஒழுக, வாய் கோணி, பச்சைச் சீலைத் தலைப்பெல்லாம் நனைய அழுதாள். தர்சிகா ஒரு துண்டை வெட்டி வாயில வைக்க, அழுதபடியே சப்பினாள். சப்பிக்கொண்டிருந்தவள் திடீரெண்டு நெத்தியைச் சுருக்கினாள்.

"வனிலா கொஞ்சம் கூடிப்போச்சு" எண்டாள்.

தர்சிகா கமராவோட குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாள். "அன்ரி, இது நீங்கள் அடிச்ச கேக்!"

"ஆர் அடிச்சாலும் கூடினது கூடினதுதான்."

அந்த வீடியோ பறந்தது. தான் அடிச்ச கேக்கில தானே பிழை பிடிக்கிற அம்மா எண்டு சனம் ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிச் சிரிச்சுது, அழுதது. தர்சிகா சொன்ன மாதிரியே எல்லாம் செய்திருந்தாள். போர்ட்டும் தெரிஞ்சது, கேக்கும் தெரிஞ்சது, பேரும் சொல்லியிருந்தாள். ஒரு குறையும் சொல்ல ஏலாது. அதுதான் சீதேவிக்குப் பெரிய குறை. தர்சிகாவின்ர வெப்சைட் முகப்பில இப்ப எல்லா முகத்துக்கும் மேல சீதேவியின்ர முகம். அவள் ஒவ்வொரு நாளும் திறந்து பாத்தாள். எவ்வளவு வடிவான வீடியோ! இப்பிடி ஒண்டு தன்ர வெப்சைட்டில இல்லையே எண்டு அவளுக்கு நெஞ்சு வெந்தது. என்ர மகள், என்ர கேக், என்ர கண்ணீர், கூட்டம் மட்டும் அவளிட்டயோ? தன்ர முகத்தைப் பாத்துத் தானே பொறாமைப்பட்ட ஒரே மனிசி உலகத்தில எங்கட சீதேவியாத்தான் இருக்கும்.

"தர்சிகாட்ட கேட்டா வீடியோவத் தருவாதானே. நம்ம சைட்டிலயும் போடுவம்" எண்டு றுவைஸ் சொன்னான்.

"அவளிட்ட நான் கேக்கிறதோ? செத்தாலும் மாட்டன்" எண்டுபோட்டு வந்தாள்.

தர்சிகாவுக்குத்தான் சனம் எழுதினது. தர்சிகாவைத்தான் புகழ்ந்தது. சீதேவியின்ர போன் அலுமாரிக்கு மேல கிடந்தது. மே மாதக் கடைசியும் வந்தது. சொன்ன சொல் மாறாத மனிசன் சோமசேகரம், மாஸ்ரரை வரச்சொல்லிப்போட்டார். ஒரு காலமை லான்ட்மாஸ்டர் உழவு மிசினில வாங்கு மேசை ஏத்திக்கொண்டு மாஸ்ரர் கேற்றடியில வந்து இறங்கினார். சீதேவி முன் அறைக்குள்ள நிண்டு, மாதிரிக் கேக்குகளை ஒவ்வொண்டாய் எடுத்துக் காட்போட் பெட்டிக்குள்ள வைச்சாள். சோமசேகரம் அவளின்ர முகத்தைப் பாக்காமல் மேசையின்ர ஒரு பக்கத்தைப் பிடிக்கப் போனார்.

அப்ப போன் அடிச்சது. வெளிநாட்டு நம்பர்.

"வணக்கம், நான் பாரிஸில இருந்து கதைக்கிறன்" எண்டு ஒரு இளந்தாரிக் குரல். "ஒரு வீடியோவில போர்ட்டில இந்த நம்பர் இருந்தது. தர்சிகான்ர வீடியோ. அதில ஒரு அம்மா அழுவா. அந்த அழுற அம்மாட கடையோ இது?"

தர்சிகான்ர வீடியோ. அழுற அம்மா. சீதேவிக்கு நெஞ்சுக்குள்ள பழைய நெருப்பு ஒருக்கால் மூண்டெழும்பினது. பிழையான நம்பர் எண்டு சொல்லி வைக்க வாய் உன்னினது. வாசலில மாஸ்ரர் முதலாவது வாங்கைத் தூக்கிப் படியில வச்சார்.

சீதேவி போனைக் கையால பொத்தினாள். "மாஸ்ரர், வாங்கை இறக்காதேங்கோ!" எண்டு கத்தினாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு போனைக் காதில வச்சாள்.

"ஓம் தம்பி, அழுததும் நான்தான், கேக் அடிச்சதும் நான்தான். சொல்லுங்கோ, அம்மாவுக்கு எத்தினை கிலோ?"